கவர்மெண்டுத் தண்ணி யாருடையது? மலாக்காவின் குழாய்நீரும் கூட்டரசின் ஆற்று ஏற்பாடும்

1991ஆம் ஆண்டு மலாக்கா மாநிலத் தோட்டப்புறங்களில் வழங்கும் தமிழ்ச் சொற்களைத் திரட்டும் பணியில் நாம் ஈடுபட்டிருந்தோம். ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் லயன் வீட்டு வாசல்களில் அமர்ந்து, சமையல், மரம்வெட்டு, நோய்நொடி, உறவுமுறை எனத் தலைப்பு வாரியாகக் கேட்டுக் குறித்துக்கொள்வது வழக்கம். அவ்வாண்டில் மட்டும் எந்தத் தலைப்பில் தொடங்கினாலும் பேச்சு தண்ணீரில் போய் நின்றது. டுரியான் துங்கல் நீர்த்தேக்கம் நெடுவறட்சியால் வற்றிப்போன ஆண்டு அது. மாநிலம் முழுவதும் நீர்ப் பங்கீடு நடப்பிலிருந்தது.

அப்பொழுது நம் குறிப்பேட்டில் ஏறிய சொற்களுள் சில இன்றும் நம்மை விட்டு அகலவில்லை. தோட்டத்துப் பெண்கள் தண்ணீரை ஒரே சொல்லால் சுட்டவில்லை. 'ஆத்துத் தண்ணி' துணி துவைக்க. 'கெணத்துத் தண்ணி' குளிக்க. 'தோட்டத்துத் தண்ணி' என்பது தோட்ட நிருவாகம் தன் தாங்கியிலிருந்து விடுவது. 'கவர்மெண்டுத் தண்ணி' என்பது பெரிய சாலையோரக் குழாயில் வருவது. முதலிரண்டும் நீர் கிடைக்கும் இடத்தைச் சொல்கின்றன. பின்னிரண்டும் நீரைத் தருபவர் யார் என்பதைச் சொல்கின்றன. தோட்டத்துத் தண்ணி நின்றால் கிராணியிடம் முறையிடலாம். கவர்மெண்டுத் தண்ணி நின்றால் யாரிடம் போவது? இக்கேள்வியை ஒரு மூதாட்டி நம்மிடமே கேட்டார். "எந்தக் கவர்மெண்டு, சார்? இங்க உள்ளதா, கோலாலம்பூர்ல உள்ளதா?"

மொழியியல் படித்த நமக்கு அன்று விடை தெரியவில்லை. 'கவர்மெண்டு' என்னும் தோட்டப்புறச் சொல் மாநில அரசையும் கூட்டரசையும் பிரித்துக் காட்டுவதில்லை. மக்களுக்குப் பிரித்துச் சொல்லவேண்டிய தேவையே பெரும்பாலும் நேர்ந்ததில்லை. நேர்ந்த இடம் தண்ணீர். அம்மூதாட்டியின் கேள்விக்கு இப்பொழுதேனும் முறையாக விடை கூற முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். நாம் சட்ட வல்லுநர் அல்லோம். ஆயினும், ஆறுகளைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு கடைசியில் ஒரு வாக்கியத்தில் அடங்கியிருப்பதால், வாக்கியங்களைப் படித்துப் பழகியவர் சொல்லக்கூடியதும் சிறிது உண்டு.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மலாக்கா ஏறத்தாழ 1,700 சதுர கிலோமீட்டர் பரப்புடைய சிறு மாநிலம். வடமேற்கிலும் வடக்கிலும் நெகிரி செம்பிலான், கிழக்கில் ஜொகூர், எஞ்சிய பக்கம் நீரிணை. மேற்கில் லிங்கி ஆறு கடலோடு கலக்குமிடத்தில் நெகிரி செம்பிலானுக்கும் மலாக்காவுக்கும் எல்லையாகிறது. அங்கே கோலா லிங்கியில் டச்சுக்காரர் கட்டிய கோட்டையின் சிதைவுகளை இன்றும் காணலாம். ஆற்று வாயைக் காவல் செய்தவர் ஆற்றின் வணிகத்தையே கையில் வைத்திருந்த காலத்தின் எச்சம் அது. கிழக்கில் கெசாங் ஆறு ஜொகூருக்கு எல்லையாக ஓடுகிறது. நடுவே மலாக்கா ஆறு. நகரின் நடுவே படகுலா நடைபெறும் அந்த ஆறுகூட முழுவதும் மலாக்காவுக்கு உரியதன்று. அதன் தலைப்பகுதி தம்பின் பக்கத்து நெகிரி செம்பிலான் மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

தம்பினுக்கு இரயிலில் செல்வோர் இறங்கும் நிலையம் மலாக்காவின் புலாவ் செபாங்கில் அமைந்துள்ளது. பெயர்ப்பலகையில் இரண்டு ஊர்களின் பெயரும் உண்டு. இறங்கியவர் சிறிது நடந்தால் மாநிலம் மாறிவிடுகிறது. தமிழும் மாறவில்லை, தேநீர்க்கடையும் மாறவில்லை. பத்தாங் மலாக்காவிலும் இதே நிலைதான். ஊர்களை இப்படி ஊடறுக்கும் எல்லைக்கோடு ஆறுகளை மட்டும் சுற்றிச் செல்லும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆளுநர்களும் ஆட்சியாளர்களும் கோடுகளைப் பெரும்பாலும் ஆற்றின்மேலேயே வரைந்தனர். எல்லையைக் காட்ட ஆற்றைப்போல எளிய அடையாளம் வேறில்லை. ஆனால் நீரைப் பகிர்வதற்கு அதைப்போல இடர்ப்பாடான கோடும் வேறில்லை.

மலாக்காவின் ஆறுகள் குறுகியவை. மலைத்தொடர் என்று சொல்லத்தக்க பெருங்காடு மாநிலத்துக்குள் இல்லை. மழை பெய்தால் ஆறு விரைந்து பெருகும். நின்றால் விரைந்து மெலியும். ஆகவே மழைநீரைத் தேக்கி வைத்தே மாநிலம் வாழவேண்டும். 1991இன் வறட்சி இதனை வெளிச்சமிட்டுக் காட்டியது. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் மாநிலத்தின் நீர்க்கணக்கில் இரண்டு பெயர்கள் முன்னுக்கு வந்தன. ஒன்று ஜுஸ் அணைக்கட்டு. அது மாநிலத்துக்குள் இருப்பது. அதைப்பற்றி நமக்கு இங்கே கூற அதிகமில்லை. மற்றொன்று கெரிசிக். அது மலாக்காவில் இல்லை. ஜொகூரில், மூவார் ஆற்றின் கரையில் உள்ளது. அங்குள்ள நீரேற்று நிலையத்திலிருந்து ஆற்றுநீர் குழாய்வழியே மலாக்காவுக்கு வருகிறது.

மூவார் ஆறு எங்கே பிறக்கிறது? நெகிரி செம்பிலானில். கோலா பிலா, ஜெம்போல் வட்டாரங்களின் நீரைத் திரட்டிக்கொண்டு ஜொகூருக்குள் புகுந்து, சிகாமாட் பக்கத்து நீரையும் சேர்த்துக்கொண்டு, மூவார் நகருக்கருகே கடலில் கலக்கிறது. (ஜெம்போலைச் சொல்லும்போது ஒன்றை விட்டுச்செல்ல மனம் வரவில்லை. மூவாரின் கிளையாறும் பகாங்கின் கிளையாறும் அங்கே மிக நெருங்கி வருவதால், பழங்காலத்து வணிகர் படகைத் தரையில் இழுத்து ஓர் ஆற்றிலிருந்து மற்றதற்கு மாற்றினர். அவ்விடத்துக்குப் பெனாரிக்கான் என்று பெயர். 'தாரிக்', அதாவது இழுத்தல், என்னும் மலாய் வினையின் வழிவந்த பெயர். நீரை இடம்மாற்றும் திட்டங்கள் புதியவை; நீர்வழியை இடம்மாற்றிய உழைப்பு பழையது.)

ஆகவே மலாக்காவின் மெர்லிமாவிலோ டுரியான் துங்கலிலோ ஒருவர் குழாயைத் திறக்கும்போது வருகின்ற நீரில் ஒரு பகுதி நெகிரி செம்பிலானில் பிறந்து, ஜொகூரில் வளர்ந்து, மலாக்காவில் விலைபோன நீர். விலை என்பது உவமையன்று. டாக்டர் மகாதீர் முகமது இரண்டாம் முறையாகப் பிரதமராயிருந்தபோது, ஜொகூர் மலாக்காவிடம் ஆயிரம் கேலனுக்கு 30 சென் பெறுகிறது, சிங்கப்பூரிடமோ 3 சென்தான் பெறுகிறது என்று ஒப்பிட்டுப் பேசினார். செய்தியாளர்கள் சிங்கப்பூர்ப் பகுதியைப் பிடித்துக்கொண்டனர். நாம் முற்பகுதியைக் கவனித்தோம். ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கிடையே ஆற்றுநீருக்கு விலையுண்டு என்பதை நம் மாணவருள் பலர் அன்றுதான் அறிந்தனர்.

ஒரே நாட்டில் அது எப்படி இயலும்? இங்கேதான் அந்த வாக்கியத்துக்கு வருகிறோம்.

கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணை, சட்டமியற்றும் அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பகுக்கிறது. கூட்டரசுப் பட்டியலில் உள்ளவை நாடாளுமன்றத்துக்கு. மாநிலப் பட்டியலில் உள்ளவை மாநிலச் சட்டமன்றத்துக்கு. பொதுப் பட்டியலில் உள்ளவை இருவர்க்கும். நிலமும் காடும் மாநிலப் பட்டியலில் உள்ளன. நீரும் ஆறுகளும் கால்வாய்களும் அதே பட்டியலில் உள்ளன. கரையோர நிலத்தார்க்குரிய நீருரிமையும் அங்கேயே வைக்கப்பட்டுள்ளது. ஆனால் அவ்வுரிமைக்கு முன்னே 'கூட்டரசுப் பட்டியலுக்கு உட்பட்டு' என்னும் அடை நிற்கிறது. சரி என்று கூட்டரசுப் பட்டியலைத் திறந்தால், அங்கும் ஆறுகள் உள்ளன. அங்கே சொல்லப்படுவதன் பொருளைத் தமிழில் இப்படி அமைக்கலாம்: ஒரு மாநிலத்துக்குள்ளேயே முழுவதும் அடங்குவனவும், தொடர்புடைய எல்லா மாநிலங்களும் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டால் முறைப்படுத்தப்படுவனவும் நீங்கலாக, ஆறுகளும் கால்வாய்களும் கூட்டரசுக்கு உரியன.

மாணவர்கள் இவ்வாக்கியத்தின் அமைப்பை உற்று நோக்கவேண்டும். ஆங்கிலத்திலும் மலாயிலும் பொதுவிதி முதலில் வரும். விலக்கு பின்னால் வரும். ஆறுகள் கூட்டரசுக்கு உரியன என்பதைப் படித்து முடித்த பின்னரே, இன்னின்னவை தவிர என்பது கண்ணில் படும். தமிழின் தொடரமைப்பு வேறு. அடைமொழியெல்லாம் முன்னே வந்து, தலைச்சொல்லும் பயனிலையும் கடைசியில் நிற்பது நம் மொழியின் இயல்பு. ஆகவே தமிழாக்கத்தில் விலக்குகள் முதலில் வருகின்றன. கூட்டரசு கடைசியில் வருகிறது. மொழிபெயர்ப்பில் தற்செயலாக நேர்ந்த இந்த வரிசையே நாட்டு நடைமுறைக்கு நெருக்கமாயிருப்பதைக் கண்டு நாம் வியந்ததுண்டு. முதலில் மாநிலம், அடுத்து மாநிலங்களின் உடன்பாடு, இவ்விரண்டும் இல்லாதபோதுதான் கூட்டரசு. அந்த மூன்றாம் படிக்கும் கூட்டரசு எளிதில் ஏறுவதில்லை.

ஏன் ஏறுவதில்லை என்பதற்குக் காரணம் அடுத்த வரியில் இல்லை. அடுத்த பொருளில் உள்ளது. ஆறு என்பது ஓடுகின்ற நீர் மட்டுமன்று. மேலே காடு இருந்தால்தான் கீழே ஆறு உண்டு. காட்டை வெட்ட உரிமம் தருவதும், நிலத்தைத் தோட்டத்துக்கோ தொழிற்பேட்டைக்கோ ஒதுக்குவதும் மாநிலத்தின் அதிகாரம். மாநிலத்தின் வருவாயும் அதுவே. நாடாளுமன்றம் ஆற்றைப்பற்றிச் சட்டம் இயற்றினாலும் ஆற்றைப் பிறப்பிக்கும் மண்ணின்மேல் அதற்குக் கையில்லை. ஆகவேதான் கூட்டரசு ஆணையிடுவதைவிட அழைத்துப் பேசுவதையே விரும்புகிறது. 1998இல் அமைக்கப்பட்ட தேசிய நீர் மன்றம் அத்தகைய பேச்சு மேடைதான். மாநிலங்களுக்கிடையே வழக்கென்று வந்தால் அதை முதலிலேயே விசாரிக்கும் அதிகாரம் கூட்டரசு நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு என 128ஆம் பிரிவு கூறுகிறது. வாசல் இருக்கிறது, ஆற்றுநீருக்காக அதைத் தட்ட மாநிலங்கள் தயங்குகின்றன.

இனி அவ்வாக்கியத்தில் மிகச் சிறிய சொல்லுக்கு வருவோம். 'தொடர்புடைய எல்லா மாநிலங்களும்' என்பதில் தொடர்புடையவர் யார்? மூவார் ஆற்றை எடுத்துக்கொள்வோம். ஜொகூர் தொடர்புடையது என்பதில் ஐயமில்லை. ஆறு பிறக்கும் நெகிரி செம்பிலான்? அங்கே ஒரு காடு அழிந்தாலோ ஆலைக் கழிவு கலந்தாலோ அதன் விளைவு கெரிசிக்கில் தெரியும். ஆனால் கெரிசிக்கில் நீர் எடுப்பது ஜொகூருக்கும் மலாக்காவுக்கும் இடையிலான ஏற்பாடு. மலாக்காவின் நிலை இன்னும் விந்தையானது. மூவார் ஆறு மலாக்கா மண்ணில் ஓடவில்லை. அந்த ஆற்றைப் பொறுத்தவரை மலாக்கா கரையோர மாநிலமன்று, வாங்குபவர். கரையுரிமை இல்லாதவருக்கு உடன்பாடு ஒன்றே உரிமை. விலையையும் அளவையும் புதுப்பித்தலையும் பற்றி அந்த உடன்பாட்டில் என்ன எழுதப்பட்டுள்ளதோ அதுவே அவருடைய ஆறு. தம் ஆற்றின் கடைசிப் பகுதியில் இருப்பவரைத் தமிழக உழவர் 'கடைமடை' என்பர். கடைமடைக்காரர்க்கும் வாய்க்காலில் பங்குண்டு. மலாக்காவுக்கு மூவாரில் அதுவுமில்லை.

மற்ற மாநிலங்களைப் பார்த்தால் இது மேலும் தெளிவாகும். வடக்கே மூடா ஆறு கெடாவில் பிறந்து, கடைசிப் பகுதியில் கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடுகிறது. பினாங்கு தன் நீர்த்தேவையில் பெரும்பகுதியை அங்கிருந்தே எடுக்கிறது. மேலே நீர்ப்பிடிப்புக் காடுகளைக் காத்து வருவதற்கு ஈடாக ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் வேண்டுமென்று கெடா கேட்டுவந்துள்ளது. எம் கரையில் எம் மண்ணிலிருந்து எடுக்கும் நீருக்கு விலை எதற்கு என்பது பினாங்கின் மறுமொழி. தன் எல்லைக்குச் சான்றாக 1869ஆம் ஆண்டின் பிரிட்டன்–சயாம் ஒப்பந்தம் வரை அது பின்னோக்கிச் செல்கிறது. இங்கே இரு மாநிலங்களும் கரையுடையவை. ஆனால் விலை குறித்த உடன்பாடு இல்லை. வாக்கியத்தின்படி பார்த்தால் கூட்டரசு நுழையவேண்டிய இடம் இது. பல்லாண்டு வாதம் நடந்தும் அது தீர்வாக நுழைந்ததாகத் தெரியவில்லை.

பகாங்–சிலாங்கூர் கதை வேறு. பகாங்கின் செமந்தான் ஆற்றுநீரைச் சிலாங்கூருக்கும் கோலாலம்பூருக்கும் கொண்டுவரத் தித்திவங்சா மலைத்தொடரைக் குடைந்து 44.6 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் அமைக்கப்பட்டது. மலாக்காவைப் போலவே சிலாங்கூரும் அந்த ஆற்றின் கரையில் இல்லை. இருந்தும் அத்திட்டம் நிறைவேறியது. காரணம், நடுவே கூட்டரசு நின்றது. சட்டம் கொண்டு நிற்கவில்லை, பணத்தோடு நின்றது. ஆற்றுச் சிக்கல்களில் கூட்டரசின் வலிமை அரசியலமைப்பின் வரியைவிட அதன் கருவூலத்தில்தான் அதிகம் என்பது நம் கருத்து.

சிங்கப்பூரையும் ஒரு வரி சொல்லிவிடவேண்டும். ஜொகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை எடுத்துக்கொள்ள வகைசெய்யும் உடன்பாடு 1962இல் கையெழுத்தாகி 2061 வரை நடப்பிலுள்ளது. கையெழுத்தானபோது சிங்கப்பூர் மலேசியாவில் இல்லை, 1963இல் உடன்பிறந்த மாநிலமாயிற்று, 1965இல் அயல்நாடாயிற்று. மூன்று நிலைகளிலும் அதே தாளே செல்லுபடியானது. நாடு பிரிந்தபோது அதற்குப் பன்னாட்டு உறுதியும் கிடைத்தது. அயல்நாட்டுக்கு எழுதிய தாளுக்கு இருக்கும் கெட்டியான காப்பு, உடன்பிறந்த மாநிலத்துக்கு எழுதிய தாளுக்கு உண்டா என்பது மலாக்காவில் வாழ்வோர் கேட்கத்தக்க கேள்வி.

தமிழாசிரியர்களிடம் ஆற்றுநீர்ப் பகிர்வு என்றதும் அவர்கள் காவிரியை நினைப்பது இயல்பு. வகுப்பிலும் அதையே எடுத்துக்காட்டாகக் கூறுகின்றனர். கூறலாம், ஆனால் வேறுபாட்டையும் சேர்த்தே கூறவேண்டும். காவிரியில் 1892, 1924 ஆகிய ஆண்டுகளின் உடன்பாடுகள் மைசூர் அரசுக்கும் சென்னை மாகாணத்துக்கும் இடையே ஏற்பட்டவை. அவை குறித்துப் பூசல் முற்றியபோது, இந்திய அரசியலமைப்பின் 262ஆம் பிரிவும் அதன் வழிவந்த 1956ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரு வழியைக் காட்டின. 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. 2007இல் அதன் இறுதித் தீர்ப்பு வந்தது. 2018 பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்குக் கருநாடகம் விடவேண்டிய நீரை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது, அவ்வாண்டே மேலாண்மை ஆணையமும் அமைக்கப்பட்டது. அங்கே வழக்கின் பொருள் அளவு. எவ்வளவு நீர், எந்த மாதத்தில், மழை பொய்த்தால் எந்த விகிதத்தில் என்பதே சண்டை. இங்கே நம் மாநிலங்களின் வாதம் பெரும்பாலும் விலையைப் பற்றியது. ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நாட்டில் நீர் எண்ணப்படுவதற்கு முன்பே விலை பேசப்பட்டுவிட்டது. மழை பொய்த்த ஆண்டில் மேல்மாநிலமும் கீழ்மாநிலமும் குறைவை எப்படிப் பங்கிட்டுக்கொள்வது என்பது காவிரியில் எத்தனையோ பக்கங்களில் எழுதப்பட்டு, இன்னும் தீராத பகுதி. நாம் அதை எழுதவே தொடங்கவில்லை. 2020 ஜனவரியில் மலாக்காவில் மீண்டும் பங்கீட்டு முறை வந்தது. டுரியான் துங்கலும் ஜுஸும் ஒருசேர இறங்கியிருந்தன. வறட்சி எல்லைக்கோட்டைப் பார்த்து வருவதில்லையாதலால், நாம் குறைவுறும் காலத்தில் மூவாரும் மெலிந்திருக்கும் என்பதை விலைப்பட்டியல் காட்டாது.

சொல்லைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். இல்லையேல் நாம் இத்தொடரில் பேச வந்ததற்குப் பொருளில்லை. ஆற்றிலிருந்து எடுத்து இன்னும் தூய்மை செய்யப்படாத நீரை நம் நாளிதழ்களில் சிலர் 'கச்சா நீர்' என்கின்றனர். கச்சா எண்ணெயின் வழியே வந்த சொல். எண்ணெய் என்றால் கிணற்றுக்காரர் விற்பார், வேண்டியவர் வாங்குவார். பொருள் சரக்கு என்ற நினைவு சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. 'மூலநீர்' என்றால் பிறந்த இடம் நினைவுக்கு வருகிறது. இடத்தோடு காடும் நினைவுக்கு வருகிறது. நாம் பிந்தியதையே பரிந்துரைக்கிறோம். 'ஒப்பந்தம்', 'உடன்பாடு' ஆகிய இரண்டையும் ஒரே பொருளில் எழுதுவதையும் கவனிக்கவேண்டும். ஒப்பந்தம் இருவர் கையெழுத்திடுவது. அது வாணிகத்துக்கும் பொருந்தும். உடன்பாடு என்பது மனம் ஒத்தல். அரசியலமைப்பு வாக்கியம் வேண்டுவது எல்லாரும் ஒத்துக்கொண்ட முறைப்படுத்தலை. கெரிசிக்கில் இருப்பது எது என்று மாணவர் தாமே எண்ணிப் பார்க்கலாம்.

இனி மூதாட்டியின் குழாய்க்குத் திரும்புவோம். 2005இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டு, மேற்கு மலேசியாவில் நீர் வழங்கலும் அதன் சேவைகளும் மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. மறு ஆண்டில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்றால் தேசிய நீர்ச் சேவைகள் ஆணையம் பிறந்தது. மற்றொன்று நீர்ச் சேவைத் தொழிலை ஒழுங்குபடுத்தியது. நீர்ச் சொத்துகளை வைத்திருக்கும் கூட்டரசு நிறுவனமும் அக்காலத்தில்தான் தோன்றியது. புதிய ஏற்பாட்டில் முதலில் இணைந்த மாநிலங்களுள் மலாக்காவும் ஒன்று. ஆகவே இன்று ஆறு மாநிலத்தின் கையில். சுத்திகரிப்பு ஆலையும் பெருங்குழாயும் கூட்டரசு நிறுவனத்தின் கணக்கில். அவற்றைக் குத்தகைக்கு எடுத்து நடத்துவது மலாக்கா மாநில அரசுக்குச் சொந்தமான நீர் நிறுவனம். அந்நிறுவனத்துக்கு உரிமம் தருவது கூட்டரசு ஆணையம். ஆற்றில் கலக்கும் ஆலைக்கழிவைத் தடுப்பது 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ்க் கூட்டரசுத் துறை. செம்பனை, ரப்பர் ஆலைகளின் கழிவுநீர் ஆற்றில் இறங்குமுன் எவ்வளவு தூய்மையாகவேண்டும் என்று விதித்ததும் அச்சட்டந்தான். ஒரே சொட்டு நீர் காட்டிலிருந்து குவளைக்கு வருவதற்குள் மாநிலம், கூட்டரசு, மீண்டும் மாநிலம் என்று மாறி மாறிக் கைமாறுகிறது. 'இங்க உள்ளதா, கோலாலம்பூர்ல உள்ளதா' என்ற கேள்விக்கு விடை: இரண்டும், அதோடு இங்கே என்பதற்குள் மூன்று மாநிலங்கள்.

ஆனால் அவர் தோட்டத்தில் வாழ்ந்தவர். தோட்டத்துக்குள் இந்த ஏற்பாடு எதுவும் நேராக நுழையவில்லை. தோட்டம் தனியார் நிலம். பெருங்குழாய் வாசல் வரை வந்தாலும், உள்ளே வீட்டுக்கு வீடு நீர் சேர்ப்பது நிருவாகத்தின் பொறுப்பு. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறித்த சட்டம், தொழிலாளர்க்கு இலவசமாகவும் போதிய அளவிலும் குழாய்நீர் தரவேண்டுமென்று முதலாளியைக் கட்டுப்படுத்துகிறது. அது தொழிலாளர் சட்டம், நீர்ச் சட்டமன்று. நீர் அவருக்குக் குடிமகள் என்ற முறையில் வரவில்லை. தொழிலாளி என்ற முறையில் வந்தது. வேலை நின்றால் வீடும் போயிற்று. வீட்டோடு நீரும் போயிற்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வந்த காலத்தில், நிருவாகம் மாறியதும் தாங்கியில் நீர் ஏற்ற ஆளில்லாமல் போன லயன்களை நாம் கண்டிருக்கிறோம். பழைய நிருவாகம் தன் கடமை முடிந்தது என்றது. புதியது தான் தொழிலாளரை வாங்கவில்லை, நிலத்தைத்தான் வாங்கினேன் என்றது. மாநில அலுவலகத்திலோ தனியார் நிலத்துக்குள் தங்களால் குழாய் பதிக்க இயலாது என்றனர். மூன்று பேர் சொன்னதும் சட்டப்படி பிழையில்லை என்பதுதான் கொடுமை. மாநிலங்களுக்கிடையே ஓர் ஆறு எப்படி எவருக்கும் முழுப்பொறுப்பில்லாமல் ஓடுகிறதோ, அவ்வாறே ஒரு வாளித் தண்ணீரும் மூன்று பொறுப்புகளுக்கிடையே நின்றுபோயிற்று.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறைக்குக் கொண்டுசெல்ல விரும்பினால், பாடநூலில் தொடங்கவேண்டியதில்லை. மாணவரை அவரவர் வீட்டு நீர்க்கட்டணச் சீட்டைக் கொண்டுவரச் சொல்லலாம். அதில் யார் பெயர் இருக்கிறது, அந்த நீர் எந்த ஆலையிலிருந்து வருகிறது, அந்த ஆலைக்கு எந்த ஆறு என்று பின்னோக்கிச் சென்று, வரைபடத்தில் எத்தனை எல்லைகளைக் கடக்கிறோம் என்று எண்ணச் செய்யலாம். காடேக், தெபோங் பக்கத்துப் பிள்ளைகள் கோட்டைக் கடந்து பள்ளி நண்பர் வீட்டுக்குச் செல்பவர்கள். அவர்களுக்கு எல்லை என்பது புதிய செய்தியன்று. முதியோர் இருக்கும் வீடுகளில் தண்ணீருக்கு வழங்கிய பெயர்களையும் கேட்டு எழுதிவரச் செய்தால் நமக்கும் உதவியாயிருக்கும். அச்சொற்கள் விரைந்து மறைந்து வருகின்றன.

அண்மையில் பழைய குறிப்பேட்டோடு அதே வட்டாரத்துக்குச் சென்றிருந்தோம். லயன் வீடுகள் இல்லை, செம்பனை நிற்கிறது. குடும்பங்கள் அருகிலுள்ள வீடமைப்புப் பகுதிக்குக் குடிபெயர்ந்துவிட்டன. அந்த மூதாட்டியின் மகள், இப்பொழுது அவரும் பாட்டிதான், நம்மை அடையாளம் கண்டுகொண்டு தேநீர் கொடுத்தார். பழைய பட்டியலைப் படித்துக் காட்டி, தோட்டத்துத் தண்ணி, கவர்மெண்டுத் தண்ணி என்று இப்பொழுதும் சொல்வதுண்டா என்று கேட்டோம். அவர் சிரித்தார். சுவரில் மாட்டியிருந்த கட்டணச் சீட்டை எடுத்துப் பேரனிடம் கொடுத்தார். அவன் மேலே அச்சிட்டிருந்த நிறுவனத்தின் பெயரை மலாயில் உரக்கப் படித்தான். "அதான் சார், இப்ப கம்பெனித் தண்ணி," என்றார். தோட்ட முதலாளியைக் குறிக்க அவர் தாயார் வழங்கிய அதே சொல். குறிப்பேட்டில் அச்சொல்லுக்கு எதிரே இரண்டாம் பொருள் ஒன்றை எழுதி, அன்றைய நாளைக் குறித்துக்கொண்டோம்.